வங்கிக் கணக்கில் தெரியாத வருமானம்

சொந்தமாகக் காணொளிகள் தயாரித்து, யூடியூப் தளத்தில் வெளியிட்டுச் சம்பாதிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், வருமான வரிக் கணக்குக்காக நான் ஆடிட்டரிடம் எடுத்துச் சென்றது ஒரே ஒரு காகிதக் கட்டுதான்: பன்னிரண்டு மாத வங்கி அறிக்கை. வந்த பணம் எல்லாம் அதில்தானே இருக்கிறது என்ற எண்ணத்தில், வரவுகளை மஞ்சள் மையால் கோடிட்டு, கூட்டுத்தொகையையும் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். அவர் நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வரவின் மீது விரலை வைத்து, "இந்த மாதம் தளம் உங்களுக்கு எவ்வளவு தந்தது?" என்று கேட்டார். வங்கியில் இருந்த தொகையைச் சொன்னேன். "இது உங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் உங்கள் பெயரில் எழுதியது எவ்வளவு?" என்று மறுபடியும் கேட்டார்.

விடை தெரிய, தளத்தின் மாத அறிக்கையை அங்கேயே கைபேசியில் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. அந்த மாதம் நான் ஈட்டியது 640 டாலர். அதில் அமெரிக்கப் பார்வையாளர்களால் கிடைத்தது 150 டாலர். அந்த 150 டாலரில் 30 சதவீதம், அதாவது 45 டாலர், அமெரிக்க வரியாகப் பிடிக்கப்பட்டிருந்தது. எஞ்சிய 595 டாலரில் இடைநிலை வங்கி 15 டாலரைக் கட்டணமாக எடுத்துக்கொள்ள, 580 டாலர்தான் நாணயம் மாற்றப்பட்டு என் கணக்கில் வந்து விழுந்திருந்தது. நான் மஞ்சள் கோடிட்டிருந்தது அந்த 580ஐ. வரிச் சட்டத்தின் பார்வையிலோ என் வருமானம் 640. வங்கி எடுத்த 15 என் செலவு. பிடிக்கப்பட்ட 45 நான் ஏற்கெனவே கட்டிவிட்ட வரி. இவை மூன்று வெவ்வேறு இடங்களில் எழுதப்பட வேண்டியவை. மூன்றையும் ஒரே எண்ணுக்குள் அடக்கிவிட்டால், வருமானத்தைக் குறைத்துக் காட்டிய தவறும் நேர்கிறது. கழித்துக்கொள்ள எனக்கு உரிமையுள்ள செலவும் வரியும் கைநழுவியும் போகின்றன.

இணையத்தில் உள்ளடக்கம் படைத்துப் பிழைக்கும் நண்பர்கள் வரிக் காலத்தில் என்னிடம் முதலில் கேட்பது, எந்தெந்தச் செலவுகளைக் கழிக்கலாம் என்பதுதான். கேமராவைக் கழிக்கலாமா, வாடகையைக் கழிக்கலாமா, கணினியைக் கழிக்கலாமா என்று பட்டியல் நீள்கிறது. அது நியாயமான கேள்விதான், ஆனால் இரண்டாவதாக வர வேண்டிய கேள்வி. எது வருமானம் என்பதே சரியாகத் தெரியாதபோது, எதிலிருந்து எதைக் கழிப்பது? மாதச் சம்பளக்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. மொத்தச் சம்பளம், பிடித்தங்கள், கைக்கு வந்த தொகை என்று எல்லாவற்றையும் நிறுவனமே ஒரு தாளில் எழுதித் தந்துவிடும். நமக்கு அந்தத் தாளை யாரும் எழுதித் தருவதில்லை. அதை நாமே எழுதிக்கொள்வதுதான் சுயதொழில் செய்பவரின் வரித் தயாரிப்பில் பெரும் பகுதி என்பதை நான் அன்றுதான் புரிந்துகொண்டேன்.

அமெரிக்க வரிப் பிடித்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான். அமெரிக்காவுக்கு வெளியே வாழும் படைப்பாளிகள் அமெரிக்கப் பார்வையாளர்களிடமிருந்து ஈட்டும் தொகைக்கு யூடியூப் 2021 ஜூன் முதல் வரி பிடித்து வருகிறது. விளம்பரப் பங்கு மட்டுமல்ல, உறுப்பினர் சந்தா, சூப்பர் சாட் (நேரலையின்போது பார்வையாளர்கள் பணம் கட்டி இடும் செய்தி) போன்றவையும் இதில் அடங்கும். எவ்வளவு பிடிப்பார்கள் என்பது நாம் நிரப்பித் தரும் வரிப் படிவத்தைப் பொறுத்தது. தனிநபருக்கு அது டபிள்யூ-8பிஇஎன் என்ற படிவம். படிவமே தராவிட்டால், அமெரிக்கப் பார்வையாளர் பங்கு என்ற வேறுபாடு இல்லாமல், உலகம் முழுவதிலிருந்தும் வந்த மொத்த வருவாயில் 24 சதவீதம் வரை போகக்கூடும். படிவம் தந்து, இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தச் (ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளும் முழு வரி விதிக்காமல் இருக்க அவை செய்துகொள்ளும் ஒப்பந்தம்) சலுகையைக் கோராவிட்டால் அமெரிக்கப் பங்கில் 30 சதவீதம் போகும். கோரினால் ஒப்பந்த விகிதம் மட்டும்: இந்தியாவில் வசிப்பவருக்கு 15 சதவீதம், பிரிட்டனில் வசிப்பவருக்கு ஏதுமில்லை. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அமெரிக்காவுடன் அப்படிப்பட்ட முழு ஒப்பந்தம் இல்லாததால், அங்கே வசிப்பவருக்குக் கோருவதற்கே வழியில்லை, 30 சதவீதம்தான்.

நான் படிவத்தை நிரப்பியிருந்தேன். ஒப்பந்தச் சலுகை பற்றிய பக்கத்தில், என்ன கேட்கிறார்கள் என்று விளங்காமல், "இல்லை" என்று குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தேன். அந்த ஒரு குறியால் மாதந்தோறும் பிடிக்கப்பட்டது, பிடிக்க வேண்டியதைப் போல் இரு மடங்கு. பிடித்த வரியை நம் நாட்டு வரியில் கழித்துக்கொள்ளலாமே என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அது பாதி உண்மை. வெளிநாட்டில் கட்டிய வரிக்குச் சொந்த நாட்டில் கழிவு தரும்போது, ஒப்பந்தம் அனுமதிக்கும் விகிதம் வரைதான் பொதுவாகத் தருவார்கள். சலுகையைக் கோராமல் விட்டதால் கூடுதலாகப் போனது நம் தவறு, அதை அமெரிக்க வரித் துறையிடம்தான் திரும்பக் கேட்க வேண்டும். நாட்காட்டி ஆண்டு முடிவதற்குள் படிவத்தைத் திருத்திவிட்டால் தளமே சரிசெய்து திருப்பித் தர வாய்ப்பு உண்டு. நான் திருத்தியபோது அந்த ஆண்டு முடிந்திருந்தது.

இதனுடன் ஒட்டிய இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வரிச் சட்டத்தின் நோக்கில் யூடியூப் தரும் இந்தப் பணத்துக்குப் பெயர் ராயல்டி, அதாவது படைப்பைப் பயன்படுத்துவதற்கான உரிமைத் தொகை. தந்த பணத்தையும் பிடித்த அமெரிக்க வரியையும் காட்டி ஆண்டு முடிந்து வரும் 1042-எஸ் என்ற படிவத்திலும் அந்தப் பெயரில்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, நம் நாட்டுக் கணக்கிலும் "ராயல்டி" என்றோ "இதர வருமானம்" என்றோ எழுதிவிடுவது எளிது. ஆனால் தொடர்ந்து உழைத்து, கருவிகள் வாங்கி, லாப நோக்குடன் சேனல் நடத்துபவருக்கு அது தொழில் வருமானம். தொழில் வருமானம் என்று எழுதினால்தான் தொழிலுக்கான செலவுகளைக் கழிக்க முடியும். ஆடிட்டர்கள் எல்லோருக்கும் சூப்பர் சாட் என்றால் என்ன, அஃபிலியேட் இணைப்பு (அதன் வழியே யாராவது பொருள் வாங்கினால் நமக்குத் தரகு தரும் இணைப்பு) என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. அந்தப் பணம் யார் கையிலிருந்து எதற்காக வந்தது என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது நம் வேலை. நான் கொடுத்த அந்த ஒரு பக்கத்துக்குப் பிறகுதான் எங்கள் உரையாடலே எளிதானது.

வங்கியில் முழுமையாகத் தெரியாத வருமானத்தைச் சொன்னேன். வங்கிக்கே வராத வருமானமும் இருக்கிறது. ஒரு நிறுவனம் ஒலிவாங்கி ஒன்றை அனுப்பி, அதைப் பற்றிக் காணொளி போடச் சொன்னது. போட்டேன். பணம் எதுவும் தரவில்லை, ஒலிவாங்கியை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். சில வாரங்கள் கழித்து வேறொரு நிறுவனம் லென்ஸ் ஒன்றை அனுப்பியது. பத்து நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். இரண்டிலும் என் வங்கிக் கணக்கில் ஒரு காசும் அசையவில்லை. ஆனால் ஒலிவாங்கி வருமானம், லென்ஸ் வருமானம் அல்ல. செய்த வேலைக்குக் கூலியாகப் பொருள் கிடைத்தால், அதன் சந்தை மதிப்பு வருமானத்தில் சேரும் என்பதில் அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா என்று எங்கு பார்த்தாலும் பெரிய வேறுபாடு இல்லை.

இந்திய வரித் துறை இதைத் தெளிவாகவே எழுதி வைத்தது. தொழில் சார்ந்து தரப்படும் பொருளோ சலுகையோ ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் போனால், தருபவர் அதன் மதிப்பில் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னர் வெளியான சுற்றறிக்கை, சமூக ஊடகப் பிரபலங்களையே எடுத்துக்காட்டாகச் சொல்லி, கார், கைபேசி, உடை, ஒப்பனைப் பொருள் போன்றவற்றைப் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தந்தால் அது ஆதாயம் அல்ல, வைத்துக்கொண்டால் ஆதாயம் என்று பிரித்துக் காட்டியது. பிடித்தம் செய்யும் வரம்புக்குக் கீழே இருந்தால் வருமானமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வரி பிடிப்பதற்கான வரம்பு வேறு, வருமானம் என்பது வேறு. அமெரிக்காவிலும் இதே தவறான புரிதல் பரவிக் கிடக்கிறது: பணம் தந்தவர் எவ்வளவு தந்தார் என்று காட்டும் 1099 படிவம் வராவிட்டால் அந்தப் பணத்தைக் காட்ட வேண்டியதில்லை என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் தருபவர் எப்போது படிவம் அனுப்ப வேண்டும் என்பதற்குத்தான் அந்த வரம்புகள். சுயதொழிலில் நிகர வருவாய் 400 டாலரைத் தொட்டாலே அங்கே கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும், படிவம் ஒன்றுகூட வந்திராவிட்டாலும்.

இப்போதெல்லாம் பொருள் எதுவும் வீட்டுக்கு வந்த அன்றே, அதே பொருள் விற்கப்படும் இணையப் பக்கத்தைத் திறந்து, விலையும் தேதியும் தெரியும்படி ஒரு திரைப்பிடிப்பு எடுத்து வைத்துவிடுகிறேன். எட்டு மாதம் கழித்துத் தேடினால் அந்த விலை இருக்காது. சில நேரங்களில் பொருளே விற்பனையில் இருக்காது. திருப்பி அனுப்பியவற்றுக்குக் கூரியர் ரசீதையும், பெற்றுக்கொண்டதாக அவர்கள் எழுதிய மின்னஞ்சலையும் சேர்த்தே வைக்கிறேன். லென்ஸ் என் காணொளியில் பத்து நிமிடம் தெரிகிறது. அது என்னிடம் இல்லை என்பதை அந்த ரசீது மட்டும்தான் சொல்லும்.

மூன்றாவது வகை இதற்கு நேர் எதிரானது: வங்கியில் இருக்கும், ஆனால் என்னுடையது அல்ல. நண்பர் ஒருவருடன் சேர்ந்து ஒரு தொடர் செய்தபோது, ஸ்பான்சர் முழுத் தொகையையும் என் கணக்குக்கே அனுப்பினார். பாதியை நான் நண்பருக்கு அனுப்பிவிட்டேன். அதனால் பாதியை மட்டும் வருமானமாக எழுதினால் போதும் என்று நினைத்தேன். இன்வாய்ஸ் என் பெயரில் போயிருக்கிறது, ஸ்பான்சர் தன் கணக்கில் முழுத் தொகையையும் என் பெயரில்தான் காட்டியிருப்பார், ஆகவே முழுத் தொகையும் என் வரவு, நண்பருக்குப் போனது என் செலவு என்று ஆடிட்டர் விளக்கினார். கடைசி எண் ஒன்றுதான். ஆனால் அந்தச் செலவுக்கு நண்பரிடமிருந்து ஓர் இன்வாய்ஸ் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அவருடைய பங்குக்கும் நான் வரி கட்டுவேன். நண்பரிடம் இன்வாய்ஸ் கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. கேட்ட பிறகுதான், அவரும் தன் கணக்கில் அந்தப் பணத்தை எங்கே எழுதுவது என்று தெரியாமல் இருந்ததை அறிந்தேன்.

அதைவிடப் பெரிய பங்கு அரசுடையது. சம்பளக்காரருக்கு வரி போன பிறகுதான் பணம் வருகிறது. நமக்கு முழுமையாக வந்து, பிறகு போக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் வருமான வரியோடு சுயதொழில் வரி என்று 15.3 சதவீதம் தனியாக உண்டு. சமூகப் பாதுகாப்பு என்ற ஓய்வூதியத் திட்டத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஊழியர் பாதி, முதலாளி பாதி என்று கட்டுவதை, இரண்டும் தாமே என்பதால் சுயதொழில் செய்பவர் முழுதாகக் கட்டுகிறார். கனடாவின் ஓய்வூதியத் திட்டத்திலும் இரு பங்கும் அவருடையதே. சம்பளத்திலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள், பழைய வருமானமும் புதிய வருமானமும் சமமாக இருந்தும் கையில் ஏன் தங்கவில்லை என்று திகைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆண்டு முடியும் வரை காத்திருக்கவும் பல நாடுகள் விடுவதில்லை. இந்தியாவில் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயைத் தொடும் என்று தெரிந்தால், ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும் என்று முன்கூட்டிய வரியாகக் கட்ட வேண்டும். தவறினால் வட்டி சேரும். அமெரிக்காவில் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், அடுத்த ஜனவரி என்று நான்கு முறை. பிரிட்டனில் ஜனவரி 31க்கும் ஜூலை 31க்கும் இரண்டு தவணைகள், அவை முந்தைய ஆண்டின் வரியை வைத்துக் கணக்கிடப்படுபவை. கனடாவில் ஒரு கண்ணி இருக்கிறது: சுயதொழில் செய்பவர் கணக்குத் தாக்கல் செய்ய ஜூன் 15 வரை நேரம் உண்டு, ஆனால் பணம் கட்ட வேண்டிய நாள் எல்லோருக்கும் போல ஏப்ரல் 30தான். தாக்கல் செய்யும் தேதியை மட்டும் மனத்தில் வைத்திருப்பவர் ஒன்றரை மாத வட்டி கட்டுவார்.

எனக்கு உதவியது மிக எளிய ஏற்பாடு. வரிக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்தேன். ஒவ்வொரு வரவும் வந்த அன்றே, அதில் ஒரு பங்கை அந்தக் கணக்குக்கு மாற்றிவிடுவேன். எவ்வளவு என்பதை இணையத்தில் யாரோ சொன்ன சதவீதத்தைப் பார்த்து முடிவு செய்யவில்லை. சென்ற ஆண்டு நான் கட்டிய மொத்த வரியைச் சென்ற ஆண்டின் மொத்த வரவால் வகுத்து, கிடைத்த விகிதத்துடன் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டேன். இந்த ஒரு பழக்கத்தால் தவணை நாட்கள் என்னைப் பதற வைப்பதில்லை. இதே கணக்கில்தான், உள்நாட்டு ஸ்பான்சர்களிடம் வசூலிக்கும் விற்பனை வரியையும் போட்டு வைக்கிறேன், ஏனென்றால் அது ஒரு நாளும் என் பணமாக இருந்ததில்லை. அந்த வரியில் வெளிநாட்டு வருவாய்க்கும் உள்நாட்டு வருவாய்க்கும் விதி வேறு. உதாரணமாக இந்தியாவில் சேவைகளுக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பு பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் விற்றுமுதல். வெளிநாட்டு நிறுவனத்துக்குச் செய்யும் சேவை ஏற்றுமதியாகக் கருதப்பட்டால் அதற்கு வரி விகிதம் பூஜ்யம், ஆனாலும் விற்றுமுதலைக் கணக்கிடும்போது அதுவும் சேரும். விகிதம் பூஜ்யம் என்பதால் அந்தத் தொகையைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டவர்கள் பிறகு சிரமப்படுகிறார்கள்.

இனிச் செலவுகள். தொழிலுக்காக மட்டுமே வாங்கிய விளக்கு, முக்காலி, படத்தொகுப்பு மென்பொருளின் சந்தா போன்றவற்றில் சிக்கல் இல்லை, ரசீது இருந்தால் போதும். கேமரா, கணினி போன்ற பல ஆண்டுகள் உழைப்பவற்றை ஒரே ஆண்டில் கழிப்பதா, தேய்மானமாகப் பல ஆண்டுகளுக்குப் பரப்புவதா என்பதை அந்தந்த நாட்டு விதி முடிவு செய்யும், ஆடிட்டரிடம் விட்டுவிடலாம். கடினமானவை எல்லாம் பாதி வாழ்க்கைக்கும் பாதி தொழிலுக்கும் பயன்படுபவை: கைபேசி, இணைய இணைப்பு, அறை, உடை.

உடையைப் பற்றி ஒரு பழைய வழக்கு இருக்கிறது, நம்மைப் போன்று கேமரா முன் நிற்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது. பிரிட்டனில் ஆன் மல்லலியூ என்ற பெண் வழக்கறிஞர், நீதிமன்றத்துக்காக மட்டுமே தான் வாங்கிய கறுப்பு உடைகளின் செலவைக் கழிக்கக் கோரினார். அந்த நிறத்தை வேறு எங்கும் அணிய அவர் விரும்பியவர் அல்லர். 1983இல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது: அவர் மனத்தில் தொழில் ஒன்றே இருந்திருக்கலாம், ஆனாலும் உடை என்பது உடலை மூடவும் குளிருக்கும் தேவைப்படுவது, ஆகவே முற்றிலும் தொழிலுக்காக மட்டும் என்று சொல்ல முடியாது என்றது. அமெரிக்காவிலும், அன்றாடம் அணியத் தகுந்த உடைக்குக் கழிவு இல்லை என்பதுதான் நிலை. காணொளிக்காகவே வாங்கிய சட்டை என்று நாம் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், அது தெருவில் அணிந்து போகக்கூடிய சட்டையாக இருந்தால் அதை விட்டுவிடுவதே நல்லது. நான் விட்டுவிட்டேன். நாடக வேடத்துக்கு மட்டுமே பயன்படும் ஆடை என்றால் வேறு கதை.

அறைக்கும் இப்படித்தான். அமெரிக்க விதிப்படி அந்த இடம் தொழிலுக்காக மட்டுமே, தொடர்ந்து, பயன்பட வேண்டும். அப்படி இருந்தால் சதுர அடிக்கு 5 டாலர் வீதம் 300 சதுர அடி வரை எளிய முறையில் கழிக்கலாம். பிரிட்டனில் மாதம் எத்தனை மணி நேரம் வீட்டிலிருந்து வேலை செய்கிறோம் என்பதை வைத்து, 25 மணி நேரத்தில் தொடங்கி, நிலையான ஒரு தொகையைக் கழிக்கும் வழி உண்டு. என் மேசை படுக்கையறையின் ஒரு மூலையில் இருந்தவரை அறை முழுவதையும் தொழில் இடம் என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. மூலையை அளந்து, அந்த அளவை மட்டும் எழுதினேன். கைபேசிக்கும் இணையத்துக்கும், இரண்டு வாரம் எதற்கு எவ்வளவு நேரம் பயன்படுத்தினேன் என்று குறித்து வைத்து, அதிலிருந்து ஒரு பங்கை எடுத்தேன். அறுபது சதவீதம் வந்தது. எண்பது என்று எழுதியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் இரண்டு வாரக் குறிப்பு இருக்கிறது என்பது எனக்கு அந்த இருபது சதவீதத்தைவிட மதிப்பானது.

ஆண்டுக் கணக்கு ஒன்றோடொன்று பொருந்தாததும் பெரும் தொல்லை. 1042-எஸ் ஜனவரி முதல் டிசம்பர் வரை பேசும். இந்திய வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும். பிரிட்டனில் ஏப்ரல் 6 முதல் ஏப்ரல் 5 வரை. ஆஸ்திரேலியாவில் ஜூலை முதல் ஜூன் வரை. அமெரிக்கப் படிவத்தில் உள்ள ஒரே தொகையை அப்படியே எடுத்து நம் ஆண்டில் எழுத முடியாது. மாத வாரியாகப் பிரித்து, நம் ஆண்டுக்குள் விழும் மாதங்களை மட்டும் கூட்ட வேண்டும். மாத அறிக்கைகள் கையில் இருந்தால் இது அரை மணி நேர வேலை, இல்லாவிட்டால் செய்யவே முடியாத வேலை.

எந்த மாதம் என்பதிலும் கேள்வி உண்டு. யூடியூப் பணம் நமக்கு வந்து சேரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் டிசம்பர் மாத வருவாய் ஜனவரியில்தான் இறுதி செய்யப்பட்டு, 21ஆம் தேதிக்கும் 26ஆம் தேதிக்கும் இடையில் அனுப்பப்படுகிறது. ஈட்டிய நாளில் எழுதும் முறையில் அது டிசம்பர் வருமானம். பணம் கிடைத்த நாளில் எழுதும் முறையில் ஜனவரி வருமானம். எந்த முறை அனுமதிக்கப்படுகிறதோ அதைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் அதையே பின்பற்ற வேண்டும். வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளக் கூடாது. பணத்தை வாங்காமல் தளத்திலேயே நிறுத்தி வைத்தால் வரியைத் தள்ளிப்போடலாம் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். நாம் கேட்டால் கிடைக்கும் நிலையில் இருக்கும் பணம், கையில் வாங்காவிட்டாலும், கிடைத்ததாகவே கருதப்படும் என்பது அமெரிக்க வரிச் சட்டத்தில் நெடுங்காலக் கோட்பாடு. அந்த யோசனை பலிக்காது.

ஆகவே ஒவ்வொரு மாதமும், அந்த 26ஆம் தேதிக்குப் பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் இதற்காக உட்காருகிறேன். ஒவ்வொரு தளத்திலும் மாத அறிக்கையைப் பிடிஎஃப் ஆகப் பதிவிறக்கிக்கொள்கிறேன், ஏனென்றால் கணக்கு முடக்கப்பட்டாலோ தளமே மூடப்பட்டாலோ அந்த அறிக்கைகளும் அதோடு போய்விடும், ஆனால் வரித் துறை கேட்கும் உரிமை போகாது. பிரிட்டனில் தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 5 ஆண்டுகளும், கனடாவில் 6 ஆண்டுகளும் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். பிறகு எக்செல்லில் ஒரு வரவுக்கு ஒரு வரிசை: யார் தந்தது, எதற்காக, ஈட்டிய தொகை, பிடித்த வரி, கட்டணம், வங்கிக்கு வந்தது, அன்றைய நாணய மாற்று விகிதம், அந்த விகிதம் எங்கிருந்து எடுத்தது. கடைசி நிரலைத் தொடக்கத்தில் நான் வைக்கவில்லை. வங்கி தரும் விகிதமும் வரித் துறை ஏற்கும் விகிதமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பிரிட்டன் வரித் துறை மாதாந்திர விகிதங்களைத் தானே வெளியிடுகிறது, இந்திய விதிகள் பாரத ஸ்டேட் வங்கியின் வாங்கும் விகிதத்தைக் குறிப்பிடுகின்றன. எந்த விகிதம் என்று எழுதி வைக்காமல் போன ஓர் ஆண்டில், நான் போட்ட எண்ணை நானே மறுபடி வரவழைக்க இரண்டு நாள் ஆயிற்று.

பொருளாக வந்தவற்றுக்கும் அதே தாளில்தான் வரிசை. வங்கிக்கு வந்தது என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதுகிறேன். அந்தப் பூஜ்யங்களைப் பார்த்துத்தான் இந்த ஆண்டு ஆடிட்டர் முதலில் பேசத் தொடங்கினார். ஒலிவாங்கியின் திரைப்பிடிப்பையும், லென்ஸின் கூரியர் ரசீதையும், நண்பரின் இன்வாய்ஸையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். வங்கி அறிக்கையை அவர் கடைசியில்தான் கேட்டார், என் தாளில் உள்ள ஒரு நிரலோடு அது பொருந்துகிறதா என்று சரிபார்க்க மட்டும்.

கிளம்பும்போது அவர் ஒன்றைக் கேட்டார்: ஒப்பந்தச் சலுகையைக் கோரி நான் திருத்திக் கொடுத்த படிவம் எந்தத் தேதியில் கையெழுத்திடப்பட்டது? டபிள்யூ-8பிஇஎன் படிவம், கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிந்தைய மூன்றாவது நாட்காட்டி ஆண்டின் கடைசி நாள் வரைதான் செல்லும். நான் கையெழுத்திட்டது 2023இல். ஆகவே 2026 டிசம்பர் 31 வரை. அதைப் புதுப்பிக்க, நாட்காட்டியில் நவம்பர் முதல் தேதியில் குறித்து வைத்திருக்கிறேன்.